சேவைக் குழுவில் யாரும் வாசலோடு திரும்பிப் போகாமலிருக்க: செய்முறை விவரங்கள் தேவை

கீற்று:
வணக்கம். வாரம் ஒருமுறை கூடி வேலை செய்யும் சிறு சேவைக் குழுக்களுக்காக ஒரு கையேடு தொகுத்துக்கொண்டிருக்கிறோம். பொருள்களைப் பிரித்துப் பொட்டலம் கட்டுவது, முதியவர்களுக்குப் படித்துக்காட்டுவது, பொது இடங்களைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகள். அழைப்பில் "எல்லோரும் வரலாம்" என்றுதான் எல்லாக் குழுவும் போடுகிறது. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையில்லாதவர், காது கேளாதவர், திக்கிப் பேசுபவர், கூட்டம் கண்டால் பதறுபவர் ஒன்று வருவதேயில்லை, இல்லையென்றால் ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிடுகிறார்கள்.

"அன்பாகப் பழகுங்கள்" என்று நாலு பக்கம் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எத்தனை சென்டிமீட்டர், எந்த வரிசை, எங்கே பிசகும், ஏன் பிசகும் என்று எழுதுங்கள். இவர்களுக்குச் சேவை செய்வது இந்த இழையின் பொருள் இல்லை. இவர்களும் நம்மோடு நின்று சேவை செய்ய வருவதுதான் பொருள்.

நடைவழி:
வாசலிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாய்தளத்துக்கு அடிப்படைக் கணக்கு 1:12. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளம். மூன்று படி என்றால் 45 செ.மீ. உயரம், அதற்கு 5.4 மீட்டர். இந்தக் கணக்கைக் கேட்டதும் "அவ்வளவு இடமில்லை" என்று 2 மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்துவிடுவார்கள். அது ஏறக்குறைய 1:4 சரிவு. தள்ளுகிறவரின் கால் வழுக்கினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். தானே சக்கரத்தை உருட்டி வருபவர் அதில் ஏறவே முடியாது. இடமில்லை என்றால் கூடும் இடத்தை மாற்றுங்கள், அல்லது சமதரையான வேறு வாசலைத் திறந்து எல்லோரும் அதன் வழியாகவே வாருங்கள். ஒருவரை மட்டும் பின்வாசலுக்கு அனுப்பாதீர்கள்.

அகலம் குறைந்தது 90 செ.மீ. ஒரே மூச்சில் ஏறும் உயரம் 76 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. போனால் நடுவில் 150 செ.மீ. நீளத்துக்குச் சமதளம் விட வேண்டும், மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதே அளவு. இரு ஓரங்களிலும் சக்கரம் நழுவாமல் 5 செ.மீ. உயர விளிம்பு வேண்டும். கைப்பிடிக் கம்பி 86 முதல் 96 செ.மீ. உயரத்தில்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் சாய்தளம் தோற்கும் இடங்கள்:

பலகையின் கீழ்முனை தரையோடு பொருந்தாமல் இரண்டு செ.மீ. எழும்பி நிற்கும். முன்னால் இருக்கும் சிறு சக்கரங்கள் அதில் முட்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். முனையைச் சீவிச் சரித்துவிடுங்கள். அடுத்தது, மேலே போனதும் கதவு சாய்தளத்தின் பக்கமாகத் திறப்பது. கதவை இழுக்க நாற்காலியைப் பின்னால் நகர்த்த வேண்டும், பின்னாலோ சரிவு. அதனால்தான் அந்த மேல் சமதளம். மூன்றாவது, கூட்டம் நடக்கும் நாளில் யாராவது சாய்தளத்தின் அடியில் பைக்கை நிறுத்திவிடுவார். வாரம் ஒருவர் பெயரைப் போட்டு, அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதை அவர் பொறுப்பாக்குங்கள்.

கதவின் திறப்பு 80 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கதவை 90 பாகைக்குத் திறந்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை அளக்க வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் அளந்தால் கதவின் தடிப்பு கணக்கில் வராமல் போய்விடும். நாற்காலியைத் திருப்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெறுந்தரை வேண்டும்.

நடைவழி:
வேலை மேசையை விட்டுவிட்டேன். முழங்கால் உள்ளே போக அடியில் 70 செ.மீ. உயரம், 76 செ.மீ. அகலம், 48 செ.மீ. ஆழம் வெறுமையாக இருக்க வேண்டும். பல மேசைகளில் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் ஓடும், கால்தாங்கி அதில் இடிக்கும். மேசையே சரியில்லாவிட்டால் அவர் பக்கவாட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், குழுவும் "அவர் வந்திருந்தார்" என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். எடுக்க வேண்டிய பொருள்கள் தரையிலிருந்து 40 முதல் 120 செ.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும்.

கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள். தூக்கச் சொன்னால் எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பல நாற்காலிகளில் கைதாங்கியும் கால்தாங்கியும் கழன்று வரும்படி செய்யப்பட்டவை. அதைப் பிடித்துத் தூக்கினால் அது மட்டும் கையோடு வரும், ஆள் கீழே.

மென்குரல்:
காது பற்றி. 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்புத்திறன் குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் சொல்கிறது. ஆகவே உங்கள் குழுவில் ஏற்கனவே ஒருவர் இருப்பார். சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் நிறுத்த வேண்டிய வாக்கியம்: "எனக்கு மைக் வேண்டாம், என் குரல் கேட்கும்." கேட்கிறவர்களுக்குக் கேட்கும், அவ்வளவுதான். கேட்புக் கருவி வைத்திருப்பவருக்கு உங்கள் குரலோடு மின்விசிறி, நாற்காலி இழுபடும் சத்தம், பக்கத்தில் பேசுபவர் எல்லாம் சேர்ந்தே பெரிதாகும். தூரம் கூடக்கூடக் குரல் அந்த இரைச்சலில் கரையும். அறிவிப்பு எல்லாம் மைக்கில். நேரில் பேசும்போது ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் நின்று, முகத்தில் வெளிச்சம் படும்படி. சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். "பணம்", "மணம்" இரண்டும், "படம்", "மடம்" இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பவை, வெளியே தெரியவே தெரியா. ஆகவே புரியவில்லை என்றால் அதே சொல்லைக் கத்திச் சொல்வதில் பயனில்லை. கத்தும்போது வாயின் வடிவமும் கெடும். வேறு சொல்லில் சொல்லுங்கள். எண், பெயர், நேரம், இடம் ஆகிய நான்கையும் எழுதியே காட்டுங்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்றால்: ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் நிகழ்ச்சிக்கு இரண்டு பேர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரையே இழுத்துக்கொண்டு போனால் கை சோர்வதற்கு முன்பே மனம் சோரும், பிழை கூடும். பேசுபவருக்குப் பக்கத்தில் நிற்க இடம், முகத்திலும் கையிலும் வெளிச்சம், முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலும் பெயர்ப்பட்டியலும். நீங்கள் பேச வேண்டியது காது கேளாதவரிடம். "அவரிடம் சொல்லுங்க" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசினால், எதிரில் இருக்கும் மனிதரை இல்லாதவராக ஆக்கிவிடுகிறீர்கள். ஒரு நாட்டுச் சைகை மொழி இன்னொரு நாட்டில் அப்படியே செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், பேசும் முன் கை தூக்க வேண்டும். யார் பேசுகிறார் என்று தேடிப்பிடிப்பதற்குள் பாதிப் பேச்சு போய்விடும்.

தொடுவரி:
பார்வையில்லாதவர்கள் முதல் கூட்டத்துக்கே வராமல் போவதற்கு ஒரு பெரிய காரணம், அழைப்பைப் படமாக அனுப்புவது. பூவும் கோலமும் போட்ட சுவரொட்டியை வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். கைபேசித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் எழுத்தைத்தான் நம்பகமாகப் படிக்கும். படத்துக்குள் புதைந்த எழுத்துக்குப் பெரும்பாலும் "படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாள், நேரம், இடம், தொடர்பு எண் நான்கையும் படத்தின் கீழே தட்டச்சு செய்யுங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்தது பழைய எழுத்துரு. யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். சோதிக்க ஒரு வழி: ஒரு வரியை நகலெடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி.

குறைபார்வை உள்ளவருக்கு அச்சில் 18 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து. தமிழில் சிறு எழுத்து இரட்டிப்புத் தொல்லை: மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும், ரகரமும் துணைக்காலும் ஒன்றாகிவிடும், ண/ன சுழி எண்ண முடியாது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1. மஞ்சள் மேல் வெள்ளை, சிவப்பு மேல் பச்சை வேண்டாம். பளபளப்புத் தாளும் வேண்டாம், விளக்கொளி தெறிக்கும்.

வழிகாட்டி நடக்கும் முறை. பெயர் சொல்லி "கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் உங்கள் புறங்கையை அவர் புறங்கையில் இலேசாகத் தொடுங்கள். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். உங்கள் உடல் திரும்புவதும் இறங்குவதும் அவருக்குக் கைவழியாகத் தெரியும். நீங்கள் அவர் கையைப் பிடித்து முன்னால் தள்ளினால் அது தலைகீழ்: தெரியாத இடத்துக்குள் முதலில் போவது அவர். குறுகிய வழியில் பிடித்த கையை உங்கள் முதுகுப்பக்கம் கொண்டுபோங்கள், அவர் நேர் பின்னால் வந்துவிடுவார். படி வந்தால் நின்று, "ஏறுது" அல்லது "இறங்குது" என்று சொல்லுங்கள். நாற்காலி வந்ததும் அவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டாம். முதுகுச்சாய்வில் அவர் கையை வைத்தால் போதும். பிரியும்போது "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

பொட்டலம் கட்டும் வேலை அவர்களுக்கு நன்றாக ஒத்துவரும், ஒரு நிபந்தனையோடு. தட்டுகள் இடமிருந்து வலமாக ஒரே வரிசை, ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் கைக்குத் தட்டுப்படும் அடையாளம்: ஒரு ரப்பர் வளையம், இரண்டு, மூன்று என்று. வரிசையை யாரும் சொல்லாமல் மாற்றக்கூடாது. "உதவியாக இருக்கட்டும்" என்று நடுவில் ஒருவர் தட்டை நகர்த்தினால் அன்றைய வேலை முழுக்கக் குழம்பும்.

வரவுசெலவு:
எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் நேராகவே கேட்கிறேன். பதினைந்து பேர் இருக்கும் குழு. யாரும் கேட்காதபோது சாய்தளம், இரண்டு மொழிபெயர்ப்பாளர், 18 புள்ளி அச்சு எல்லாவற்றுக்கும் பணத்துக்கு எங்கே போவது? வராத ஒருவருக்காக இவ்வளவா?

நடைவழி:
வழி இல்லாததால்தான் வரவில்லை. வரவில்லை என்பதைக் காட்டி வழி வேண்டாம் என்றால் இந்த வட்டம் எங்கேயும் அறுபடாது. குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்பவர்கள் உலகில் 130 கோடி, ஏறத்தாழ ஆறில் ஒருவர். அதுவும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குதான். சாய்தளத்தில் குழந்தை வண்டியும், மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியும், முழங்கால் வலிக்காரரும் ஏறுவார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே செய்ய வேண்டியதில்லை.

தொடுவரி:
வரவுசெலவு கேட்டதற்குப் பதில்: காசில்லாதவற்றை முதலில் முடியுங்கள். அழைப்பைத் தட்டச்சு செய்வது, இருக்கிற மைக்கில் பேசுவது, வட்டமாக உட்காருவது, பைக்கை எடுத்து வேறு இடத்தில் விடுவது, தட்டு வரிசையை மாற்றாமல் இருப்பது. இதில் எதற்கும் ஒரு காசு ஆகாது. எதையும் யாரும் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

காசாகும் ஏற்பாடுகளுக்குப் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி போதும். கேள்வியின் சொற்கள் முக்கியம். "உங்களுக்கு என்ன குறைபாடு?" என்று கேட்டால் பாதிப் பேர் காலியாக விட்டுவிடுவார்கள். "நீங்கள் சிரமமில்லாமல் கலந்துகொள்ள நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். 10 நாள் முன்னதாகத் தெரிவிக்கச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கிடைக்க அவ்வளவு நாளாகும். பதில் வந்தால் இரண்டு நாளுக்குள் "முடியும்" அல்லது "இது முடியாது, இதற்குப் பதில் இது முடியும்" என்று சொல்லிவிடுங்கள். பதிலில்லாமல் விடுவதுதான் மிக மோசம்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்று, 2008 மே 3 முதல் நடப்புக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அளவுக்கு மீறிய சுமையாகாத நியாயமான வசதியை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது.

வரவுசெலவு:
படிவக் கேள்வி நல்ல யோசனை. எடுத்துக்கொள்கிறேன். நன்றி.

ஊடுபாவு:
வாசல் திறந்தாகிவிட்டது, எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தால் தானாக ஒட்டிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை தவறு.

1954-ல் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப் குழுவினர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். பகை மூண்ட பிறகு இரண்டு அணியையும் சேர்த்து உணவுக்கு உட்காரவைத்தும் படம் பார்க்கவைத்தும் பயனில்லை, சண்டைக்குத்தான் இடமானது. தண்ணீர் வரத்து நின்றுபோய் இரண்டு அணியும் சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தது, பழுதான வண்டியைச் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது. இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பிறகுதான் பகை தணிந்தது.

அதே 1954-ல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், இரு தரப்பினர் நேரில் பழகும்போது முன்முடிவு குறைவதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தார்: சம தகுதி, பொது இலக்கு, ஒத்துழைத்தால்தான் முடியும் என்ற நிலை, பொறுப்பிலிருப்பவர்களின் ஆதரவு. பெட்டிகுரூ, டிராப் என்ற இரு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட முடிவு, நேரடிப் பழக்கம் பொதுவாகவே முன்முடிவைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்பது.

சேவைக் குழுவில் அடிக்கடி உடைவது முதல் நிபந்தனை. புதிதாக வந்த மாற்றுத்திறனாளிக்கு வாசலில் வரவேற்கும் வேலை, அல்லது "நீங்க சும்மா உட்காருங்க, வந்ததே பெரிசு". இரக்கம் கலந்த அந்த ஒரு வாக்கியத்தில் அவர் விருந்தாளியாகிவிட்டார். விருந்தாளி இரண்டாம் முறை வரமாட்டார். அவர் இல்லாவிட்டால் அன்றைய வேலை நிற்கும் என்ற அளவுக்கு ஒரு பங்கைக் கொடுங்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி, உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் பள்ளி வகுப்புகளுக்காக உருவாக்கிய புதிர்த்துண்டு முறை. நான்கு பேர் கொண்ட சிறு அணி. ஒருவரிடம் பெறுபவர் பட்டியல், ஒருவரிடம் பொருள் கணக்கு, ஒருவரிடம் வண்டி வரும் நேரமும் வழியும், ஒருவரிடம் சரிபார்ப்புத் தாள். யாரிடமும் முழுத் தகவல் இல்லை. நான்கு பேரும் ஒருவரையொருவர் கேட்டே ஆக வேண்டும். 6 வாரம் அதே அணி, பிறகு கலைத்து மாற்றுங்கள். வாராவாரம் மாற்றினால் பழக்கம் ஏறாது. மாற்றவே மாற்றாவிட்டால் அணியே ஒரு தனித் தீவாகிவிடும்.

பெறுபவர், கொடுப்பவர் என்ற கோடு நிரந்தரமாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் சம தகுதிக்குள் வரும். பெறுபவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதை முற்றாக விடுங்கள். அவர்களிலிருந்து இரண்டு பேராவது திட்டமிடும் கூட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போட வேண்டும்.

மென்குரல்:
ஊடுபாவு சொன்ன சம தகுதி நம் மொழியில் முதலில் தெரிவது விளிக்கும் சொல்லில். மருத்துவருக்கு "நீங்க", துப்புரவுப் பணியாளருக்கு "நீ". நாற்பது வயதுள்ள, அறிவு வளர்ச்சி மெதுவான ஒருவருக்கு "டா", "கண்ணு". பெரியவர் எல்லோருக்கும் "நீங்க" என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பெயரை அவர் சொல்கிறபடியே கூப்பிடுங்கள். திருநங்கையோ திருநம்பியோ தன் பெயரைச் சொன்னால் அதுதான் பெயர், பழைய பெயரைத் துருவ வேண்டாம். ஒருவர் அவராகப் பேசிக்கொண்டிருக்கும்போது கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பதும் இதே வகைப் பிழை.

"பாவம்" என்ற சொல்லைக் குழுவிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அகல்:
கண்ணுக்குத் தெரியாதவை பற்றி யாரும் எழுதவில்லை.

அறிமுகச் சுற்று. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்வது திக்குபவருக்குக் கடினமான நேரம். மற்றச் சொல் வராவிட்டால் வேறு சொல் போட்டுச் சமாளிக்கலாம், சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. முறை நெருங்க நெருங்க இறுக்கம் ஏறும். பெயர் அட்டை எழுதி மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுற்றை விட்டுவிடலாம். அவர் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், "மெதுவா, மூச்சு விட்டுச் சொல்லுங்க" என்றும் சொல்லாதீர்கள். வழக்கம்போல் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் போதும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கும் எதிர்பாராதது எதுவோ அதுதான் தொல்லை. இரண்டு நாள் முன்பே வாசலின் படம், உட்காரும் அறையின் படம், எத்தனை பேர் வருவார்கள், எப்போது முடியும் என்று அனுப்புங்கள். மினுங்கும் குழல்விளக்கை மாற்றுங்கள். பக்கத்தில் ஓர் அமைதியான அறை, கதவு திறந்தபடி, யாரிடமும் அனுமதி கேட்காமல் போய் உட்காரலாம் என்று தொடக்கத்திலேயே எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். எல்லோருக்கும் சொன்னால் ஒருவரைச் சுட்டியதாகாது.

நேரமும் ஒரு வாசல்தான். மூன்று மணி நேரம் தொடர்ந்து இருந்தால்தான் சேர்த்தி என்றால் கைக்குழந்தைக்காரரும், இரவுப்பணி முடித்து வருபவரும், நாள்பட்ட வலி உள்ளவரும் வெளியே நிற்பார்கள். வேலையை 45 நிமிடத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டுக்கு வந்தாலும் முழு உறுப்பினர் என்று வையுங்கள்.

கீற்று:
பயனுள்ள பதில்கள், எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வேலை நடக்கும்போது ஒருவர் இன்னொருவரைப் பற்றி இழிவாக ஏதோ சொல்லிவிட்டால் பொறுப்பாளர் என்ன செய்ய வேண்டும்? ஒருவர் வருவதை நிறுத்திவிட்டால்?

ஊடுபாவு:
முதலாவதுக்கு: அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியம். "இங்கே அப்படிப் பேசறதில்லை." உடனே வேலைக்குத் திரும்புங்கள். அந்த நேரத்தில் நீண்ட அறிவுரை சொன்னால் எல்லார் பார்வையும் புண்பட்டவர் மேல் குவியும், அவருக்கு அது இரண்டாவது அடி. பேசாமல் கடந்துபோனால் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள், பொறுப்பிலிருப்பவர்களின் ஆதரவு என்ற நான்காவது நிபந்தனை அங்கே போய்விடும். முடிந்த பிறகு சொன்னவரைத் தனியே அழைத்து என்ன சொன்னார், அது ஏன் கூடாது என்று பேசுங்கள். புண்பட்டவரிடமும் தனியே, "கவனித்தேன், பேசியிருக்கிறேன், வேறு ஏதாவது செய்யணுமா?" என்று. எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்கவைத்து, அவரை "பரவாயில்லை" என்று சொல்லவைக்காதீர்கள்.

அகல்:
இரண்டாவதுக்கு: இரண்டு வாரம் காணவில்லை என்றால் அவருடைய அணியில் ஒருவர் தொடர்புகொள்ளட்டும், பொறுப்பாளர் வேண்டாம். காது கேளாதவருக்கு எழுத்தில், பார்வையில்லாதவருக்குக் குரலில். "ஏன் வரலை?" என்று கேட்டால் "வேலை இருந்தது" என்றுதான் பதில் வரும். "எங்க பக்கம் எது கஷ்டமா இருந்தது? மேசையா, நேரமா, சத்தமா, ஆளா?" என்று நாலைந்து பெயரை நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஒன்றைச் சுட்டிக்காட்டுவது அப்போது எளிது. அவர் பங்கை 4 வாரம் வரை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல், அணிக்குள் சுற்றிச் செய்துகொள்ளுங்கள். திரும்பி வரும் நாளில் அவருடைய தாள் அதே இடத்தில் இருக்கட்டும்.

நடைவழி:
கையேட்டில் கழிப்பறையை மறந்துவிடாதீர்கள், கீற்று. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பி 84 முதல் 91 செ.மீ. உயரத்தில், சுவரில் ஆழமாக இறங்கிய ஆணியோடு. துண்டு மாட்டும் கம்பியை நம்பி யாராவது எழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு வரும். அந்த அறையைத் துடைப்பமும் வாளியும் வைக்கும் இடமாக ஆக்கியிருந்தால் கூட்டத்துக்கு முதல் நாளே காலி செய்யுங்கள்.